‘அற்ற’ என்னும் சொல்லும் மலையக மக்கள் வரலாறும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுக என்று மாணாக்கரைப் பணிக்குந்தோறும் நான் காண்பது ஒன்றுண்டு. 1824இற் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியிற் கோப்பி பயிரிடப்பட்டது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இற் கோப்பியை நோய் பற்றிற்று என எழுதி முடிப்பர். பிழை ஒன்றுமில்லை. ஆயின், அது செடியின் வரலாறு. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள் அதிற் ‘கூலிகள்’ என்னும் ஒரு தொகையாகவே வருவர்.

இக்குறையை நன்குணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் சார்பிற் பாராளுமன்றம் புகுந்தவர். மறுவருடமே பிரசாவுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றோராக்கக் கண்டவர். அவர்தம் நூல்களில் ஒன்று ‘நாடற்றவர் கதை’, மற்றொன்று ‘வீடற்றவன்’. இரு பெயரிலும் ‘அற்ற’ என்னும் சொல்லே ஓங்கி ஒலிக்கின்றது. அன்று அது வேண்டியதே. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என ஒதுக்கியபோது, கருத்துக் கேட்கப்படாதவர் அம்மக்கள் மட்டுமே. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நிலைமை மாறிற்று. நம் திறனாய்வாளரோ இன்றும் மலையக இலக்கியத்தில் இல்லாமைகளையே எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

உக்ரேனியர் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவர்தம் மொழியில் நூல் அச்சிடுதலையே ருஷியப் பேரரசு 1876இல் தடைசெய்தது. அரசுகளின் வரிசையைத் தொடர்ந்து செல்லும் வரலாற்றில் தம் மக்களுக்கு இடமிராது என்று கண்ட ஹ்ருஷெவ்ஸ்கி, மக்களின் வாழ்வையே வரலாற்றின் தொடர்ச்சியாகக் கொள்ளவேண்டுமென 1904இல் வாதிட்டார். அவர்க்கு முன்னரே அதனைப் பாட்டிற் செய்து காட்டியவர், பண்ணையடிமையாய்ப் பிறந்த செவ்சென்கோ. 1840இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘கொப்சார்’. ஊரூராய்ப் பாடித் திரியும் நாட்டுப் பாணனைக் குறிப்பது அச்சொல்.

நம் சி. வி. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் நெடும்பாட்டை 1954இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். விடியற்காலைப் பறையொலியும், தேயிலையின் கீழ் அடையாளமின்றிப் புதையுண்டோரும் அதில் மறக்கவொண்ணாதவாறு அமைந்துள்ளன. எனினும், யாரைப் பாடினாரோ அவர் அதனைப் படித்திருத்தல் அரிது. சக்தி பாலையாவின் மொழிபெயர்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனை ஒரு குறையென்றே சொல்வேன்.

அக்குறையைத் தீர்த்தது அவர் திரட்டித் தந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பு. பாடினவர் எழுத்தறியாதோர், ஆனால் தம்மை ‘அற்றவர்’ எனக் கருதிப் பாடினாரல்லர். கங்காணியை எள்ளவும், பிள்ளையைத் தாலாட்டவும், இறந்தவர்க்கு ஒப்பாரி வைக்கவும் அவர்களுக்குச் சொல் இருந்தது. சி. வி.யின் தலையாய வரலாற்று நூல் இதுவே என்பது என் துணிபு. எமது பள்ளி நூலகத்தில் இது நாட்டார் பாடல் அடுக்கில் இருக்கின்றது. வரலாற்று அடுக்கிற்கு மாற்றும்படி நூலகரைக் கேட்டிருக்கின்றேன்.