ஒலி வெறுப்புக்கு உளவியல் சிகிச்சை

அருகில் இருப்பவர் மென்று தின்னும் ஓசையை நாம் பொருட்படுத்துவதில்லை. சிலருக்கோ அதைக் கேட்டதும் அடக்கமுடியாத சினமும் அருவருப்பும் பொங்கி எழுகின்றன. 2001-இல் ‘மிசோஃபோனியா’ எனப் பெயரிடப்பட்ட இந்நிலையை ஒலி வெறுப்பு எனலாம்.

இதற்கு உளவியல் சிகிச்சை பயன் தருமா? ஆம்ஸ்டர்டாமில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று இதனைச் சோதித்தது. நோயாளிகள் 54 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மூன்று மாதம் வாரந்தோறும் குழுவாகச் சிகிச்சை பெற்றனர். கவனத்தைத் திருப்புதல், வெறுக்கும் ஒலியை இனிய காட்சியுடன் இணைத்தல், உடலைத் தளர்த்துதல் ஆகியன பயிற்சிகள். மற்றப் பிரிவினர் காத்திருந்தனர். சிகிச்சை பெற்றோரில் 37 விழுக்காட்டினர் நன்கு தேறினர். காத்திருந்தோரில் ஒருவரும் தேறவில்லை.

பாராட்டத்தக்க முயற்சியே. எனினும் ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. காத்திருந்தோருக்குப் பயிற்சி மட்டுமா கிடைக்கவில்லை? பரிவோடு கேட்பவரும், தம்மைப் போன்றோரின் துணையும் கிடைக்கவில்லையே! ஆகவே, தேற்றியது பயிற்சியா, பரிவா என்று பிரித்தறிய இயலவில்லை. அவர்களுக்கும் அதே கால அளவு வேறொரு குழுப் பயிற்சி அளித்திருந்தால் இந்த ஐயம் தீர்ந்திருக்கும்.

சிகிச்சை பெற்றும் அந்த அளவு தேறாத 63 விழுக்காட்டினரையும் மறக்கலாகாது. ‘மனம் வைத்தால் முடியும்’ என்று அவர்களிடம் கூறுவது அறிவியல் அன்று. நோயாளியைப் பழிப்பதே ஆகும்.