கல்லா இல்லாத கடை

சென்னை ஈசிஆரின் விலை உயர்ந்த கடலோர உணவகங்களுக்குப் பரிந்து பேச இப்போது ஒரு கூட்டமே இருக்கிறது. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட இரண்டு உணவகச் சங்கங்களுக்கும் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தலா ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்து, ஆணையம் சொன்னது செல்லும் என்றது. அன்றிலிருந்து இந்தப் பரிவு கூடிவிட்டது. "நல்ல சர்வீஸ் வேணும்னா அதுக்குக் காசு கொடுக்கணும்ல?" என்கிறார்கள். கொடுத்துக்கொண்டுதானே ஐயா இருக்கிறோம். சர்வீஸ் எங்கே?

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடலைப் பார்த்த இடத்துக்கு வாடகை கொடுத்து மாளாது. உப்புக் காற்றில் ஏசி துருப்பிடிக்கும். திங்கள் முதல் வியாழன் வரை ஈ ஓட்டிவிட்டு, சனி ஞாயிறு இரண்டு இரவுகளில் மொத்த வாரத்துக்கும் சம்பாதிக்க வேண்டும். பரிமாறும் பையன்களில் சிலர் அசாமில் நாகாவ்ன் எக்ஸ்பிரஸ் ஏறி எங்கள் தாம்பரத்தில் வந்து இறங்குகிறவர்கள். மூன்றே மாதத்தில் 'வஞ்சிரம்', 'காரம் கம்மி' எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வருத்தம் பழையது. பதினைந்து வருஷமாக இதையே சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அந்தக் கடைகளில் கல்லா இல்லை.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஏதாவது ஒரு டிபன் கடைக்குப் போய்ப் பாருங்கள். வாசலை ஒட்டிக் கல்லா. அதில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி, இல்லையென்றால் அவர் மச்சான். சாப்பிட்டுக் கை கழுவி வரும் ஒவ்வொரு முகமும் அவரைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். சாம்பார் சரியில்லை என்றால் பத்து முகத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். "தோசை காந்திப்போச்சுண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால், "டேய், சாருக்கு வேற ஒண்ணு போடு" என்று உள்ளே குரல் போகும், அல்லது அந்தத் தோசைக் காசு அங்கேயே கழியும். குறையைக் கேட்பவரும் தீர்ப்பவரும் ஒரே ஆள். (அவரே சில நாள் நம்மீது எரிந்து விழுவார் என்பதும் உண்மைதான். எரிந்து விழவாவது ஒரு ஆள் இருக்கிறார்.)

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடவாக்கத்தையும் சோழிங்கநல்லூர் சிக்னலையும் கடந்து குடும்பத்தோடு கடலோர உணவகம் ஒன்றுக்குப் போனோம். சொன்ன மீன் ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. சொன்னது ஒன்று, வந்தது வேறு. பையன் கேப்டனைக் கூப்பிட்டான், கேப்டன் மேனேஜரைக் கூப்பிட்டார். "பில் போட்டாச்சு சார், சிஸ்டத்துல மாத்த முடியாது." யாரால் முடியும் என்று கேட்டேன். "ஆபீஸ்ல கேக்கணும் சார்." ஆபீஸ் எங்கே? "நுங்கம்பாக்கம் சார்."

அந்த மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி விடுமுறைக் கூட்டம் ஈசிஆரை நிரப்புவதும் அதே நாட்களில்தான். மெனுவிலோ 'இன்றைய மீன்' என்று போட்டிருந்தது. "எங்க பிடிச்சது தம்பி?" "ஃப்ரெஷ் சார்." நாட்டுப்படகில் வந்ததா, ஐஸ் பெட்டியில் வேறு கரையிலிருந்து வந்ததா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலையில் போய் வாங்கி வந்தவரே அவராக இருப்பார்.

2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உணவகங்கள் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்றது. பாட்டில் வாங்கிக்கொண்டு போக யாரும் அங்கே வருவதில்லை, உட்கார்ந்து அந்த இடத்தையும் அனுபவிக்கிறார்கள் என்பது காரணம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் சேவைக்கான காசு பாட்டிலிலேயே வசூலாகிவிட்டது. மீன் விலையில் இன்னொரு தடவை வசூலாகிறது. கடைசியில் பத்து சதவீதம் என்று மூன்றாம் தடவை. சேவைக் கட்டண வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த டெல்லி உயர் நீதிமன்ற அமர்வும் 2025 ஆகஸ்டில் ஏறக்குறைய இதைத்தான் கேட்டது. மூன்று தடவை காசு வாங்கிய இடத்தில், ஒரு தட்டு மீனைப் பில்லிலிருந்து அடிக்க அதிகாரமுள்ள ஒரு ஆளை நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை மேஜை கிடைப்பதில்லையே, அதுவே சாட்சி இல்லையா என்று பரிந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள். வாடிக்கை என்றால் வழக்கமாக வந்து போவது. தாம்பரத்துக்காரன் அங்கே போவது வருஷத்துக்கு இரண்டு தடவை: கல்யாண நாளுக்கு ஒன்று, ஊரிலிருந்து மச்சினர் குடும்பம் வந்தால் ஒன்று. அவன் முகம் யாருக்கும் நினைவிருக்க வேண்டியதில்லை. கோபித்துக்கொண்டு அவன் வராமல் போனாலும் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் பல்லாவரத்துக்காரர் உட்காருவார். கடல் எங்கேயும் போய்விடாது. உண்மையில் அவர்கள் விற்பது அந்தக் கடலைத்தான். அதற்கு அடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

பில் தோல் உறைக்குள் வந்தது. கார்டு இயந்திரம் மேஜைக்கே வந்தது. நாங்கள் எழுந்தபோது அந்தப் பையன் ஒரு கியூஆர் அட்டையை நீட்டினான். "அஞ்சு ஸ்டார் போடுங்க சார். என் பேரும் எழுதுங்க, அப்பதான் இன்சென்டிவ் வரும்." என் மனைவி அவன் பேரைக் கேட்டு எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டாள். மீனைப் பற்றி ஒரு வரி எழுதேன் என்றேன். எழுதினால் அது அவன் பேருக்குக் கீழே அல்லவா வரும் என்று சொல்லி போனை மூடிவிட்டாள்.