91 சதவீதம் யாருடைய கணக்கில்?

இணையவழிக் கல்வி பற்றிப் பேச்சு வந்தாலே கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தை உதாரணம் காட்டுகிறார்கள். 2012இல் அங்கே மின்சுற்றுப் பாடத்தின் ஒரு பிரிவை மட்டும் எட்எக்ஸ் தளத்தின் எம்ஐடி வீடியோக்களைச் சேர்த்து நடத்தினார்கள். தேர்ச்சி 91 சதவீதம். வழக்கமான இரண்டு பிரிவுகளில் 59, 55. உடனே 'வீடியோ ஜெயிச்சிடுச்சு' என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. வீடியோவைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பு நேரத்தில் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். நிரலில் இரண்டு இடத்தை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, பிழை எதனால் சரியாச்சுன்னு சொல்ல முடியுமா?

2013இல் அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியுடன் சேர்ந்து சில கணிதப் பாடங்களை முழுக்க இணையத்தில் நடத்தியது. மொத்தத்தில் பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை. திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். அதில் ஏற்கெனவே கணக்கில் தோற்றவர்களும் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். அதனால் நேர் ஒப்பீடு ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனாலும் வீடியோ மட்டும் போதும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

வீடியோ வாங்கியாச்சு, ஆசிரியர்களைக் குறைக்கலாம் என்று ஒரு கல்லூரி இந்த 91ஐக் காட்டினால், அந்த எண்ணைச் சம்பாதித்துக் கொடுத்த ஆளையே வீட்டுக்கு அனுப்புகிறது என்றுதான் அர்த்தம்.