விநாயகரகவலும் யோகநெறியும்

விநாயகர் திருவுருவத்துக்குப் பொருள் கூறப் புகுவோர் பெரும்பாலும் ஓர் அட்டவணை தருவர். துதிக்கை பிரணவம், பெருவயிறு அண்டம், ஐந்துகரம் ஐந்தொழில் என அது நீளும். இவை பிழையல்ல. ஆயின், மூர்த்தியைத் தொழுவதற்கும் மூச்சை அடக்குவதற்கும் உள்ள தொடர்பு யாது என்பது இவற்றால் விளங்குவதில்லை. மூலாதாரத்துக்கு அதிதேவதை கணபதி என்பது சைவ மரபு. கணபதி அதர்வசீர்ஷம் என்னும் வடமொழி உபநிடதமும் அவரை அங்கே என்றும் உறைபவராகப் போற்றும். எனினும், இவை இடத்தைச் சுட்டுவனவேயன்றி, அவ்வுருவம் அங்கே ஆற்றும் தொழிலைக் காட்டுவனவல்ல.

அதனைக் காட்டுவது ஔவையார் பெயரால் வழங்கும் விநாயகரகவல். (சங்கப் புலவராகிய ஔவையார் இதனைப் பாடியவரல்லர் என்பதற்கு இதன் நடையும் யோகநூற் சொற்களுமே சான்று.) 72 அடிகளுள் முற்பகுதி வடிவ வருணனை. சிலம்பணிந்த பாதத்தில் தொடங்கி அரை, வயிறு, கோடு, முகம், கரம், முடி என அது மேலேறும். பின்னர் மார்புக்கு இறங்குவதால் பாதாதிகேச முறை முற்றும் பேணப்பட்டதெனல் இயலாது. எவ்வுறுப்புக்கும் ஈண்டுத் தனித்தனியே தத்துவம் கூறப்படவில்லை.

மூர்த்தி குருவாக வந்தபின்னரே அவ்வுறுப்புகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அழகுக்குரியதாய் நின்ற கோடு வினைகளையும் ஆயுதமாகின்றது. கையிலிருந்த அங்குசம் ஆறாதாரங்களைக் கூறுமிடத்து மீண்டும் வருகின்றது: மதயானையை அடக்கும் கருவியின் பெயர், அலையும் மனத்தை நிறுத்தும் நிலைக்கு ஆகிவிடுகின்றது. இதனினும் நுட்பமானது, தொங்குதலைக் குறிக்கும் ‘நால்’ என்னும் வினையடி. யானையின் தொங்கும் வாய்க்கு முன்னர் வழங்கிய அச்சொல், தூணைப் பற்றியெழும் பாம்பாகிய குண்டலிக்கும் பின்னர் வழங்குகின்றது. உவமையென்று சொல்லாமலே துதிக்கையும் பாம்பும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன.

ஆதலின், முற்பகுதி பக்தி, பிற்பகுதி யோகம் எனப் பிரித்து மாணவர்க்குக் கற்பித்தல் நூலுக்குப் பொருந்தாது. வருணனையை வெறும் வாழ்த்தெனக் கருதி விரைந்து கடப்பவனுக்கு, இடை, பிங்கலை, சுழுமுனை என்பன நாடிகளின் பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிடும்.

மூலாதாரக் கனலை எழுப்புவது ‘கால்’ என்று கூறுமிடமும் நோக்கற்பாலது. காற்று, அதாவது மூச்சு, எனப் பொருள் கொள்ளுதல் முறையே. ஆயினும், பாதச் சிலம்பின் ஒலியோடு தொடங்கிய பாட்டில் அச்சொல் திருவடியையும் நினைவிற் கொணராமற் போகாது. சுழுமுனை வழியே கபாலம்வரை ஏறிய இவ்வகவல், இறுதியடியில் அக்கழலையே சரணென அடைகின்றது.