மேல்தளத்திலிருந்து பார்த்த கடல்

உலகைச் சுற்றிவந்த எழுத்தாளர் சிலரின் வாழ்க்கை, அவர்கள் எழுதிய கதைகளைவிடச் சுவை மிகுந்ததாய் அமைந்துவிடுவதுண்டு. அத்தகையோருள் முதல் வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் ஜோசப் கான்ராட்.

ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த உக்ரைன் மண்ணில், 1857ஆம் ஆண்டு, போலந்துக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். விடுதலை வேட்கை கொண்ட தந்தை நாடு கடத்தப்பட்டார். அந்தத் துயர வாழ்வில் முதலில் தாயும் பின்னர் தந்தையும் மறைந்தனர். பதினொரு வயதில் அநாதையான சிறுவன், பதினாறாம் வயதில் கடலை நாடிப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனான். இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் கற்றார். ஆயினும் அந்த மொழியின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவராக உயர்ந்தார்!

கடல் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘பாலஸ்தீன்’ என்னும் கப்பல் 1883இல் சுமத்ராவுக்கு அருகே தீப்பற்றி மூழ்கியது. படகில் உயிர் தப்பியவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1887இல் அதே ஊரின் அரபு வணிகர் சையது முஹ்சின் அல்ஜுப்ரி அவர்களின் ‘விடார்’ கப்பலில் துணைத்தலைவராகப் பணியேற்று, போர்னியோ ஆறுகள்வரை சென்றுவந்தார். 1890இல் ஆப்பிரிக்காவின் காங்கோ நதியில் பயணம் செய்து நோயுடன் திரும்பினார். இவ்வனுபவங்கள் யாவும் பின்னர் நூல்களாயின.

இத்துணை கடல்களைக் கண்ட அவருடைய கண்ணுக்கு எது தப்பியது? நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான். அதற்கு விடை தருவது 1900இல் நூலாக வெளிவந்த ‘லார்டு ஜிம்’ நாவல்.

அந்நாவலின் வித்து ஓர் உண்மை நிகழ்ச்சி. 1880ஆம் ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. கடும் புயலில் கொதிகலன்கள் இடம் பெயர்ந்தன. தண்ணீர் உள்ளே புகுந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள், கப்பல் தலைவரும் அவர் மனைவியும் ஐரோப்பிய அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினர். வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டு ஏடன் சேர்ந்த அவர்கள், ‘ஜித்தா’ மூழ்கிவிட்டதென்று அறிவித்தனர். ஆனால் 11ஆம் நாள், ‘ஆன்டெனார்’ என்ற கப்பல் இழுத்துவர, மூழ்கியதாகச் சொல்லப்பட்ட கப்பல் பயணிகளுடன் ஏடனில் வந்து நின்றது! தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுக் காலத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

கான்ராட் இதை எவ்வாறு மாற்றினார் என்று பாருங்கள். நாவலில் கப்பலின் பெயர் ‘பட்னா’. புயல் இல்லை, அமைதியான இரவு. ஹாஜிகள் எண்ணூறு பேரும் ஆழ்ந்து உறங்குகின்றனர். ஏதோ ஒன்றில் மோதிக் கப்பல் பழுதடைகிறது. துருப்பிடித்த இரும்புத் தடுப்பு ஒன்று உடையாமல் தாங்கிக் கொள்வதால் அவர்கள் பிழைக்கின்றனர். உண்மையில் நடந்தது வேறு. எஞ்சிய பணியாளரோடு சேர்ந்து பயணிகளே தண்ணீரை இறைத்தனர். ‘ஜித்தா’வைக் காத்ததில் மனிதக் கைகளுக்குப் பங்குண்டு, ‘பட்னா’வைக் காத்ததோ இரும்புத் தகடு.

ஜிம்மின் கோழைத்தனத்தையும், அதன்பின் வாழ்நாள் முழுதும் அவனை அரிக்கும் வெட்கத்தையும் ஆராய அந்த மயான அமைதி ஆசிரியருக்குத் தேவைப்பட்டது. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அதற்கு விலை தந்தவர்கள் அந்தப் பயணிகள். அவர்களுள் ஒருவர் மட்டும் ஒரு கணம் முன்னே வருகிறார். நோயுற்ற பிள்ளைக்காகத் தண்ணீர் கேட்கும் தந்தை அவர். கூச்சலிட்டு மற்றவரை எழுப்பிவிடுவாரோ என்றஞ்சி ஜிம் அவரை விளக்கால் தாக்குகிறான். பிறகுதான் தன் நீர்க்குடுவையைக் கொடுக்கிறான். அத்தந்தையின் பெயரோ, அந்தப் பிள்ளை என்னவாயிற்று என்பதோ நமக்குச் சொல்லப்படவில்லை.

கான்ராடைப் பகைமை கொண்டவர் என்று தள்ளிவிடுவது நீதியாகாது. வெள்ளை அதிகாரிகளின் வீரத்தைப் புகழ்ந்து புத்தகங்கள் குவிந்த காலத்தில், அவர்களின் இழிவை நடுவில் நிறுத்திக் கதை சொன்னவர் அவர். பிற்பகுதியில் டொராமின் போன்ற முஸ்லிம் தலைவர்களுக்குப் பெயரும் பெருமிதமும் தந்திருக்கிறார். எனினும் அங்கும் ஜிம்மின் மானமே கதையின் அச்சு.

ஆயிரமாயிரம் கல் தொலைவு பயணம் செய்தாலும், மனிதன் தான் நிற்கும் தளத்திலிருந்துதான் பார்க்கிறான். கான்ராட் நின்றது அதிகாரிகளின் மேல்தளம். அங்கிருந்து கடலின் ஆழமும், கடமை தவறிய உள்ளத்தின் ஆழமும் தெரிந்தன. கீழ்த்தளத்தில் தண்ணீர் இறைத்த கைகள் தெரியவில்லை. ‘லார்டு ஜிம்’ நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டிய நூல்தான். படித்து முடித்தபின், அந்தத் தந்தை தன் பிள்ளையின் கதையைச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார் என்றும் அவர்கள் சிந்திக்கட்டும். அவர்களுள் ஒருவர் நாளை அதை எழுதவும் கூடும்.