பெர்லின் அரண்மனை: எந்த வருஷத்துக்குத் திரும்புவது?

பெர்லின் நகரின் நடுவில், ஸ்ப்ரே ஆற்றின் தீவில் ஒரு பரோக் அரண்மனை நிற்கிறது. படத்தைப் பார்த்தால் 300 வருஷப் பழசு என்றுதான் தோன்றும். அதற்கு அஸ்திவாரக் கல் வைத்தது 2013ல். இப்போது ஹும்போல்ட் ஃபோரம் என்ற அருங்காட்சியகம், 2021ல் மக்களுக்குத் திறந்தார்கள். செலவு சுமார் 68 கோடி யூரோ. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை: "நகரத்துக்கு இதயம் திரும்பி வந்துவிட்டது" அல்லது "இது வெறும் டிஸ்னிலாண்ட்". எனக்கு இரண்டுமே போதவில்லை.

கதைச் சுருக்கம் இதுதான். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஹோஹென்சோலெர்ன் வம்ச அரண்மனையை, 1700ஐ ஒட்டி ஆண்ட்ரியாஸ் ஷ்லூட்டர் பரோக் பாணியில் மாற்றிக் கட்டினார். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்தது. சுவர்கள் மிச்சம் இருந்தன, சரி செய்திருக்கலாம். 1950ல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடி வைத்துத் தகர்த்தது. ஒரு பகுதியில் 1976ல் 'குடியரசு மாளிகை' வந்தது. வெண்கல நிறக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கட்டிடம்.

இந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உள்ளே கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்தது. அது பேருக்குத்தான் நாடாளுமன்றம், சரி. ஆனால் அதே கூரைக்குக் கீழே உணவகங்கள், பௌலிங் விளையாட்டு, கச்சேரி நடக்கும் பெரிய மண்டபம் எல்லாம் இருந்தன. சாதாரண ஜனங்கள் போய் வந்த இடம். எக்கச்சக்கமான விளக்குகளைப் பார்த்து, அதிபர் எரிக் ஹோனெக்கர் பெயரில் 'எரிக்கின் விளக்குக் கடை' என்று கிண்டலும் செய்தார்கள். இன்னொன்று: 1990 ஆகஸ்ட் 23 அதிகாலையில், சுதந்திரத் தேர்தலில் வந்த உறுப்பினர்கள் மேற்கு ஜெர்மனியோடு இணைய வாக்களித்தது இந்தக் கட்டிடத்தில்தான். அடுத்த மாதமே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று மூடிவிட்டார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் உண்மை. ஆனால் அதை முழுக்க அகற்றிய பிறகுதான், 2006ல் தொடங்கி 2008க்குள் கட்டிடத்தை இடித்தார்கள். அப்ப இடித்ததற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. அரண்மனையின் முகப்பு திரும்ப வேண்டும் என்று 2002லேயே நாடாளுமன்றம் முடிவு செய்திருந்தது. மேற்கு பெர்லினில் 1979ல் திறந்த ஐ.சி.சி. மாநாட்டு மையத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதை 2014ல் மூடினார்கள், 2019ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினார்கள். இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த விவகாரத்தைப் பேசுவது நியாயமில்லை.

அப்ப திரும்பக் கட்டுவதே தப்பா? இல்லை. வார்சாவைப் பாருங்க. நாஜிகள் திட்டம் போட்டு அழித்த பழைய நகரத்தை, பெல்லோட்டோ 18ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியங்களையும் கட்டிடக்கலை மாணவர்களின் அளவு வரைபடங்களையும் வைத்து எழுப்பினார்கள். 1980ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் அப்பழுக்கற்ற கதை அல்ல. 19ஆம் நூற்றாண்டு மாற்றங்களைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள், வேறு ஊர்களின் இடிபாடுகளிலிருந்தும் செங்கல் வந்தது. ஆனாலும் அங்கே கட்டியது எதிரி விட்டுப்போன இடிபாட்டின் மேல்.

நம்ம தொழிலில் ஒரு மாற்றம் வேண்டாம் என்றால் கிட்டில் ரிவர்ட் செய்வோம். போட்ட மாற்றமும், அதைத் திருப்பியதும், இரண்டும் வரலாற்றில் பதிவாக இருக்கும். பெர்லினில் செய்தது ஃபோர்ஸ் புஷ். நடுவில் இருந்த நாற்பது வருஷத்தைக் காணோம்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். பழைய புகைப்படங்களையும் மிஞ்சிய துண்டுகளையும் வைத்து, ஸ்பாண்டாவ் பகுதியில் ஒரு பட்டறை போட்டு மணற்கல்லில் ஒவ்வொரு சிற்பமாகச் செதுக்கினார்கள். முகப்புக்கு மட்டும் 10 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை வந்தது. கட்டிடக் கலைஞர் ஃபிராங்கோ ஸ்டெல்லா ஆற்றைப் பார்த்த கிழக்குப் பக்கத்தை மட்டும் நவீனமாக விட்டார். கட்டம் கட்டமாக, ஒரு அலுவலகக் கட்டிடம் போல. பார்க்க ரசிக்காது, ஆனால் இது புதுக் கட்டிடம் என்று வெளிப்புறத்தில் ஒத்துக்கொள்வது அந்தப் பக்கம் ஒன்றுதான். குவிமாடம் அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டு மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் வைத்த சிலுவையும், எல்லோரும் இயேசு முன் மண்டியிட வேண்டும் என்ற பொருள்படும் வாசகமும் அப்படியே திரும்ப ஏறியிருக்கின்றன. கீழே ஆசிய, ஆப்பிரிக்கப் பொருட்களின் அருங்காட்சியகம்! இந்தப் பொருத்தமின்மையை யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஜெர்மனியிலேயே பெரிய சண்டை நடந்தது.

போகிறவர்கள் ஒன்று மட்டும் பாருங்கள். 1918 நவம்பர் 9 அன்று கார்ல் லீப்க்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவித்த அரண்மனை வாசல் என்பதால், நான்காம் வாசலை மட்டும் கம்யூனிஸ்ட் அரசு காப்பாற்றி, பக்கத்தில் கட்டிய அரசு மன்றக் கட்டிடத்தின் முகப்பில் 1960களில் பதித்தது. அசல் துண்டுகள் இன்னமும் அங்கேதான். புது அரண்மனையிலும் நான்காம் வாசல் உண்டு, அது நகல். நடந்து போனால் சில நிமிஷம்தான்.