டெபோரா டேனரின் 6 பக்கங்கள்

டெபோரா டேனர் 2012இல் எழுதிய கட்டுரை 6 பக்கம்தான். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் தனியாக வாழ்ந்த கறுப்பினப் பெண். தன் ஸ்கிசோஃப்ரீனியா நோயை, வேலை பறிபோனதை, சொந்தக்காரர்களே நம்பாமல் ஒதுங்கியதை அழாமல் எழுதியிருக்கிறார். மனநோயாளி தடுமாறுகிற நேரத்தில் வைத்தியம் தெரிந்த ஆளுக்குப் பதில் போலீஸ் வருகிறது, சாவில் முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2016 அக்டோபர் 18இல் அவர் இருந்த கட்டடத்திலிருந்து 911க்குப் போன் போனது. மருத்துவ உதவியாளர் பேசிக்கொண்டிருந்தபோதே போலீஸ் சார்ஜெண்ட் உள்ளே போனார். 66 வயது டேனரைச் சுட்டார். 2018இல் விடுதலையும் ஆனார்.

கட்டுரை அதுக்கப்புறம்தான் பத்திரிகைகளில் வந்தது. தன் சாவை முன்கூட்டியே கண்டவர் என்று வாசித்தார்கள். என் சண்டை இந்த வாசிப்போடுதான். ஒடுக்கப்பட்டவர் எழுதினா ஒப்பாரி, இல்லேன்னா குறி சொல்றது. யோசிச்சு எழுதினாங்கன்னு மட்டும் சொல்ல வாய் வராது. (நம்ம எழுத்துக்கும் இதைத்தானே செய்தார்கள்?) டேனருக்கு ஜோசியம் எதுக்கு? அதே பிராங்ஸில் 1984இல் எலினார் பம்பர்ஸ், அவருக்கும் 66 வயது, மனநலம் குன்றிய கறுப்பினப் பெண், வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி பண்ண வந்த போலீசால் சுடப்பட்டார்.

குறியை விட்டுட்டுக் கணக்கைப் பார்ப்போம். போலீஸ் வருவதற்கு யாரும் பில் போடுவதில்லை, சம்பளம் நகர பட்ஜெட்டிலேயே இருக்கிறது. மனநல ஊழியர் வேனில் வரணும்னா, ஏழைகளுக்காக 1965இல் வந்த மெடிகெய்ட் காப்பீட்டில் அந்த ஆள் இருக்காரா, என்ன சேவை, எவ்வளவு நேரம் என்று எழுதிப் பில் போடணும். தடுமாறி நிக்கிறவங்ககிட்ட அட்டை கேக்குறதா? ராத்திரி முழுக்க அழைப்புக்குக் காத்துக் கிடக்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. 2021இல் வந்த கொரோனா நிவாரணச் சட்டம் இந்தச் சேவைக்கு ஒன்றிய அரசின் பங்கை 85 சதவீதமாக்கியது. நல்லதுதான். ஆனா 3 வருஷத்துக்கு மட்டும், அதுவும் 24 மணி நேரமும் ஆள் இருக்கணும் என்ற நிபந்தனையோடு. அந்த 85க்கு முதலில் அனுமதி வாங்கிய மாநிலம் ஓரிகான். அங்கேதான், யூஜீன் நகரில், 1989 முதல் போலீஸ் இல்லாமல் வேனில் போய்க்கொண்டிருந்த கஹூட்ஸ் குழு 2025 ஏப்ரலில் பணத்தட்டுப்பாட்டில் வேலையை நிறுத்தியது.

டேனரோடும் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. போலீசுக்குப் போதிய பயிற்சி இல்லை என்கிறார். பயிற்சி என்று ஆரம்பித்தால் காசு திரும்ப அதே பட்ஜெட்டுக்குத்தான் போகும். இதை அவரோடு உட்கார்ந்து விவாதித்திருக்கலாம், அப்படிப்பட்ட எழுத்துதான் அது.

யாராவது தோழர் இதைத் தமிழில் கொண்டுவந்தால், மேலே அவங்க செத்த கதையைப் போடாதீங்க. 2012னு தேதியப் போட்டு, 6 பக்கத்தையும் போடுங்க.